வெளிச்சம் இருக்குன்னு ஓட்டிட்டே இருக்காதீங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பையன் கனடாவுல வேலை பாக்கறான். ஜூன் மாசம் எங்க ரெண்டு பேரையும் மோட்டார்ஹோம்ல அலாஸ்கா ஹைவேல கூட்டிட்டு போறேங்கறான். பொறந்ததுலேர்ந்து காட் ரோட்டுல போய் வந்தவங்க, மலை ரோடு எங்களுக்கு பயமில்ல. ஆனா வண்டிக்குள்ளயே சமைச்சு தூங்கிப் போறதுன்னா ஒரு நாள் எப்படி இருக்கும்?
– கோத்தகிரி வாசகி

பதில்: தாராளமா கிளம்புங்கம்மா. நீங்க சொல்றது சரிதான், கல்லட்டி மாதிரி 36 கொண்டை ஊசி வளைவெல்லாம் அங்க கிடையாது, அந்த ரோட்டோட உச்சியே சம்மிட் கணவாய் 1,295 மீட்டர்தான், நம்ம ஊட்டி 2,240. அங்க தூரம்தான் விஷயம். ஃபோர்ட் நெல்சன்னு ஒரு ஊர், அதை விட்டா அடுத்து ஊர்னு சொல்லிக்கற மாதிரி இருக்கறது வாட்சன் லேக், நடுவுல 500 கிலோமீட்டருக்கு மேல, ஏறக்குறைய ஊட்டியிலேர்ந்து சென்னை போற தூரம், அதுக்குள்ள அங்கங்க ஒரு லாட்ஜ் ஒரு பங்க்னு இருக்கும், போன்ல டவர் பெரும்பாலும் வராது. 1942ல போர் சமயத்துல அமெரிக்க ராணுவம் எட்டே மாசத்துல காட்டை வெட்டிப் போட்ட ரோடு அது, அதனால வழியில ஊருங்க வளர்ந்து வந்த கதையே அங்க கம்மி.

ஃபோர்ட் நெல்சன்லேர்ந்து லியார்ட் வெந்நீர் ஊற்று வரைக்கும் ஒரு நாள்னு வச்சுக்கங்க, 300 கிலோமீட்டர் சொச்சம். காலையில கிளம்பறதுக்கு முன்னாடி பெட்ரோல் ஃபுல், குடிதண்ணி டேங்க் ஃபுல், கழிவு டேங்க் காலி, இந்த மூணும் முடியாம வண்டியை எடுக்கவே கூடாது. கழிவு டேங்க் ரெண்டு இருக்கும், டாய்லெட்டுக்கு ஒண்ணு, சிங்க் குளியல் தண்ணிக்கு ஒண்ணு. பையன் கையுறை போட்டு தடியான ஹோஸை மாட்டி முதல்ல டாய்லெட் டேங்க்கை திறக்கணும், அது முழுசா வடிஞ்சப்புறம்தான் சிங்க் தண்ணி, ஏன்னா அந்த சோப்புத் தண்ணிதான் ஹோஸை கழுவி விடும். மாத்தி திறந்துட்டா அன்னிக்கு பூரா ஹோஸ் வச்சிருக்கற பெட்டி நாறும்.

அப்புறம் கிச்சன். வண்டி நகர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு அலமாரியையும் இழுத்துப் பாத்துருங்க, ஃப்ரிட்ஜ் கதவு கொக்கியையும்தான், தோசை மாவை பாதி டப்பாவுக்கு மேல ஊத்தாதீங்க, குலுங்கி பொங்கி வழிஞ்சா கழுவ தண்ணி அளவாதான் இருக்கும். தாளிக்கறதுக்கு முன்னாடி கூரையில இருக்கற ஃபேனை திறந்து வைங்க, கடுகும் வரமிளகாயும் எண்ணெயில விழுந்த அடுத்த நிமிஷம் ஸ்மோக் அலாரம் கத்தும். சத்தத்துக்காக அதை கழட்டி வச்சிடாதீங்க, சின்ன இடத்துல கேஸ் வச்சுட்டு தூங்கறோம், அது உயிர் காக்கற சாமான்.

சம்மிட் ஏரி பக்கத்துல காட்டு ஆடுங்க ரோட்டோரம் உப்பு நக்கிட்டு நிக்கும், ஹாரன் அடிக்காம மெதுவா உருட்டிட்டு போகணும். மஞ்சோ ஏரி பன்னெண்டு கிலோமீட்டர் நீளம், பச்சையும் நீலமும் கலந்த தண்ணி, ரோடு அதை ஒட்டியே போகும், அங்க மதியச் சாப்பாட்டை வச்சுக்கங்க, அவசரப்பட வேணாம். இறக்கத்துல நம்ம ஊர் டிரைவருங்க சொல்ற ஏறின கியர்லயே இறங்குங்கற கணக்கு அங்கயும் அதேதான், வண்டி ஆட்டோமேட்டிக்கா இருந்தாலும் கியரை குறைச்சு இறக்க சொல்லுங்க, அவ்ளோ கனமான வீடு பின்னாடி தள்ளும்போது பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது.

நான் கெஞ்சிக் கேட்டுக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ஜூன்ல அங்க ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால இன்னும் கொஞ்சம் போயிடலாம் இன்னும் கொஞ்சம் போயிடலாம்னு ஓட்டத் தோணும், உடம்பு களைச்சது கண்ணுக்கு தெரியாது, லியார்ட் பக்கம் காட்டெருமைக் கூட்டம் ரோட்டுலயே படுத்துக் கிடக்கும். காலையிலேயே தங்கற இடத்தை முடிவு பண்ணி நாலு மணிக்கெல்லாம் வண்டியை நிறுத்திடுங்க. லியார்ட்ல சதுப்பு மேல பலகை நடைபாதை போட்டிருக்காங்க, அதுல நடந்து போய் 42 டிகிரிக்கு மேல இருக்கற தண்ணில காலை விட்டு உக்காருங்க, அதுக்குத்தானே அவ்ளோ தூரம் போறது. ராத்திரி சாப்பாட்டு மிச்சம், எச்சில் தட்டு எதையும் வெளிய வைக்காதீங்க, கோத்தகிரில கரடி சமையல்கட்டை தேடி வர்ற கதை உங்களுக்கு நான் சொல்லணுமா.

கேள்வி: அதே மாதிரி ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து ஊட்டி, மசினகுடி, முதுமலைன்னு சுத்தலாமா சார்? கண்ட இடத்துல நிறுத்தி தூங்கலாம்ல?
– ஈரோடு வாசகர்

பதில்: கண்ட இடத்துல நிறுத்தவே முடியாது தம்பி. காட்டு ரோட்டுல வண்டியை விட்டு இறங்கறதே தப்பு, முதுமலை பந்திப்பூர் வழியில ராத்திரி 9லேர்ந்து காலை 6 வரைக்கும் பொது வண்டிங்களை விடமாட்டாங்க, யானை நடமாடற வழி அது. 2024 மே மாசத்துலேர்ந்து வெளி மாவட்ட வண்டிக்கு இ-பாஸும் வேணும். கழிவு டேங்க்கை எங்க காலி பண்ணுவீங்கன்னு யோசிங்க, ஓடையில திறந்து விட்டா கீழ இருக்கற ஊர்க்காரங்க குடிக்கற தண்ணி அது. இங்க வர்றீங்களா, சின்ன வண்டில வாங்க, ரூம் எடுத்து தங்குங்க. கேரவன் ஆசையை சமவெளியில வச்சுக்கங்க.

கேள்வி: எனக்கு முட்டி வலி. மோட்டார்ஹோம்ல படுக்கை எப்படி?
– குன்னூர் வாசகர்

பதில்: ஐயா, டிரைவர் சீட்டுக்கு மேல ஒரு படுக்கை இருக்கும், அதுக்கு ஏணி ஏறணும், அது உங்களுக்கு வேணாம். பின்பக்கம் நிரந்தரமா கட்டில் இருக்கற மாடலா பாத்து புக் பண்ண சொல்லுங்க, டைனிங் டேபிளை மடக்கி படுக்கையாக்கற வேலையும் மிச்சம். வண்டி வாசப்படி உயரமா இருக்கும், கூட ஒரு சின்ன ஸ்டூல் எடுத்து வைக்க சொல்லுங்க.