செம்மறிக்கு சைலேஜ்: தொட்டியில் போடுவது வயிற்றுக்குப் போக வேண்டும்

செம்மறி வளர்ப்பவர்கள் சிலர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்:

40 மேச்சேரிச் செம்மறி ஆடுகள் வைத்திருக்கிறேன். மக்காச்சோள சைலேஜை (காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்த பசுந்தீவனம்) தரையில்தான் கொட்டுகிறேன். பாதி மிதிபட்டே போகிறது.

முதலில் தரையில் கொட்டுவதை நிறுத்துங்கள். மூத்திரமும் புழுக்கையும் பட்டதைச் செம்மறி மோந்து பார்த்துவிட்டு விலகிவிடும். ஆட்டுக்கு ஒரு அடி இடம் வேண்டும். இருபுறமும் நின்று தின்றால் 20 அடித் தொட்டி போதும். 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாயை நெடுக்கில் பிளந்தால் கிட்டத்தட்ட மூன்றடியில் இரண்டு தொட்டி கிடைக்கும். உங்களுக்கு நான்கு பீப்பாய் ஆகும். வெட்டிய விளிம்பை மழுக்கிவிடுங்கள், கழுத்தைக் கீறும். தொட்டிக்கு மேலே நீளவாக்கில் ஒரு குழாய் கட்டுங்கள். குட்டிகள் உள்ளே ஏறிப் படுப்பதுதான் பெரிய சேதம், அது நின்றுவிடும்.

இலையைத் தின்றுவிட்டுத் தட்டையைக் கழிக்கின்றன.

ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் விரித்துப் பாருங்கள். விரல் நீளத் துண்டுகள் கிடந்தால் குறை ஆட்டிடம் இல்லை. ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் வெட்ட வேண்டும். பிளேடு மழுங்கினால் தட்டை நார் நாராகக் கிழியும், ஆடு உருவி வெளியே போட்டுவிடும். மணி முற்றிக் காய்ந்த பயிரை அறுத்தாலும் இதே கதைதான். கழித்த தட்டை சுத்தமாக இருந்தால் அன்றே மாட்டுக்குப் போடுங்கள்.

15 ஆடுகளுக்கு 400 கிலோ சைலேஜ் பேல் (இறுக்கிக் கட்டிய பெரிய கட்டு) வாங்கினேன். நான்காம் நாளே சூடேறிவிட்டது.

ஆட்டுக்கு ஒன்றரை கிலோ என்றாலும் நாளுக்கு 22 கிலோதான் செலவாகும். தீர 18 நாள் ஆகும், நம் வெயிலில் அதுவரை தாங்காது. 50 கிலோ மூட்டையாக வாங்குங்கள், இரண்டு மூன்று நாளில் முடியும். எடுத்ததும் காற்றை அமுக்கி வெளியேற்றி வாயை இறுகக் கட்டுங்கள்.

பூஞ்சணம் பிடித்ததைக் காயவைத்துப் போடலாமா?

கூடாது. மாட்டுக்கும் வேண்டாம். கெட்ட சைலேஜில் லிஸ்டீரியா என்ற கிருமி பெருகும். செம்மறியின் மூளையைத் தாக்கும், சினை கலைக்கும். ஒரு பட்டியில் அப்படி ஒரு ஆட்டைப் பார்த்தேன். ஒரு காது தொங்கிக்கிடந்தது. மென்ற தீவனம் விழுங்க முடியாமல் கன்னத்திலேயே அடைத்திருந்தது. ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. பிழைக்கவில்லை. பூஞ்சணம் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு சாண் தாராளமாகச் சேர்த்து வெட்டி எருக்குழியில் போடுங்கள். வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும், போகட்டும், விடுங்கள்.

எவ்வளவு போட்டால் மிஞ்சாது?

30 கிலோ ஆட்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ, இரண்டு வேளையாகப் பிரித்து, கூடவே கடலைக்கொடி. புதிதாகத் தொடங்கினால் ஒரு கைப்பிடியில் ஆரம்பித்துப் பத்து நாளில் ஏற்றுங்கள். காலையில் மிச்சத்தை அள்ளி எடை போடுங்கள். 20 கிலோ போட்டு ஒரு கிலோ மிஞ்சினால் அளவு சரி. தொட்டி துடைத்துவிட்டாற்போல் இருந்தால் எளிய ஆடுகளுக்குப் பற்றவில்லை, கொஞ்சம் கூட்டுங்கள்.