யாருக்கு முதலில் உதவுவது? வீடிழப்புத் தடுப்பு: கேள்வி பதில்

நியூயார்க்கில் வாடகைதாரர்களுக்கான வீடிழப்புத் தடுப்பு வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

பத்துக் குடும்பம் வருகிறது, பணம் மூன்றுக்குத்தான் இருக்கிறது. யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

வருகிற எல்லோருமே கஷ்டத்தில்தான் இருப்பார்கள். ஆகவே 'யாருக்குக் கஷ்டம் அதிகம்' என்று நான் பார்ப்பதில்லை. நாம் கைவிட்டால் ஷெல்டரில், அதாவது வீடற்றோர் காப்பகத்தில், போய் நிற்கப்போவது யார் என்று பார்க்கிறேன். வீடிழக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் இங்குள்ள ஹோம்பேஸ் திட்டத்தில் 2004 முதல் 2008 வரை விண்ணப்பித்த 11,105 குடும்பங்களை ஆராய்ந்தார்கள். 3 ஆண்டுகளுக்குள் ஷெல்டருக்குப் போனவை 12.8 சதவீதம்தான். மற்றவர்கள் ஷெல்டர் வரை போகவில்லை.

மூன்று மாத வாடகை பாக்கி, கையில் கோர்ட் நோட்டீஸ், எல்லாத் தாளும் ஒழுங்காக ஃபைலில் வைத்திருக்கும் ஒருவர் வருகிறார். பின்னாலேயே 21 வயது கர்ப்பிணி. சித்தி வீட்டு சோஃபாவில் படுக்கை, ஒரு வருடத்தில் நாலு வீடு மாறியாயிற்று, தன் பெயரில் வாடகை ஒப்பந்தமே இல்லை. காட்ட ஒரு தாளும் இல்லாததால் நம் கண் முதல் ஆளிடமே போகும். ஆபத்து அதிகம் இந்தப் பெண்ணுக்குத்தான். இளம் வயது, கர்ப்பம், இரண்டு வயதுக்குக் கீழே குழந்தை, தங்கியிருக்கும் வீட்டில் சண்டை, குழந்தைப் பருவத்தில் அலைக்கழிப்பு, இவை ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டித்தான் ஆபத்தைக் கணக்கிடுகிறோம். முன்பே ஷெல்டரில் இருந்திருந்தால் அதற்கு எடை இன்னும் அதிகம்.

மனுஷனுக்குப் புள்ளி போடுவதா? அனுபவசாலிக்கு முகம் பார்த்தால் தெரியாதா?

தெரிவதில்லை. அதே ஆய்வில் பணியாளர்களின் முடிவையும் புள்ளிக் கணக்கையும் ஒப்பிட்டார்கள். கணக்கைப் பின்பற்றியிருந்தால், ஷெல்டருக்குப் போன குடும்பங்களில் 26 சதவீதம் கூடுதலானவற்றுக்கு உதவி கிடைத்திருக்கும். தவறவிட்டவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும்.

நானும் சமூகப் பணியாளர்தான். கணவன் அடிக்குத் தப்பி வந்தவள் வெளியே சொல்ல மாட்டாள். உங்கள் தாளில் அவளுக்குப் புள்ளி குறைவாகத்தானே விழும்?

நியாயமான கேள்வி. கணக்கை மீற வழி இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் மீறுகிறவர் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். எழுதச் சொன்னால்தான் 'பாவமாக இருந்தது' என்பதற்கும் 'இன்று இரவு படுக்க இடமில்லை' என்பதற்கும் வித்தியாசம் தெரியும். நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கு நம் மனம் தானாக இளகும். வாய் திறக்காதவர் வரிசையிலேயே நிற்பார். நீங்கள் சொன்ன பெண்ணுக்கும் இதுதான் நடக்கும். அதனால்தான் கேள்விகளை எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கச் சொல்கிறேன்.

ரொம்ப மோசமான நிலையில் இருப்பவர்களுக்குக் கொடுப்பது வீண் இல்லையா?

இல்லை. ஹோம்பேஸில் ஆபத்து அதிகம் உள்ள குடும்பங்களிடம்தான் உதவி நன்றாக வேலை செய்தது. 'தேறிவிடுவார்' என்று தோன்றுகிறவரையே பார்த்துக் கொடுத்தால், பணம் இல்லாமலே தேறியிருப்பவருக்குக் கொடுக்கிறோம்.

தம்பி இங்கே நியூயார்க்கில், குவீன்ஸ் பகுதியில் இருக்கிறான். வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்கிறார்.

போக வேண்டாம். 30 நாளுக்கு மேல் குடியிருந்தவரைக் கோர்ட் உத்தரவில்லாமல் வெளியேற்ற முடியாது. உத்தரவோடு வர வேண்டியது அதை நிறைவேற்றும் அதிகாரியான மார்ஷலோ ஷெரிஃபோதான், வீட்டுக்காரர் அல்ல. பூட்டை மாற்றினால் போலீஸைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்கிறார்…

மேலே இருக்கிறது. சாவியைக் கொடுக்காதீர்கள்.

லண்டனில்?

56 நாளுக்குள் வீடிழக்கும் நிலை என்றால் கவுன்சில் உதவ வேண்டும் என்பது 2017 சட்டம். மற்றதை அங்குள்ளவர்களிடம் கேளுங்கள்.

சென்னையில் ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்கு இந்தக் கணக்கு உதவுமா?

உதவாது. அங்கே தெருவையே மொத்தமாக அப்புறப்படுத்துகிறார்கள். ஒரு குடும்பத்தைத் தனியாக எடுத்து அளக்கும் முறைக்கு அங்கே வேலையில்லை.

சண்டை வேண்டாமென்று சாவியைக் கொடுத்துவிட்டோம். இப்போது மச்சான் வீட்டில் இருக்கிறோம். குழந்தைக்கு எட்டு மாதம்.

இன்றே நியூயார்க் நகரத்தின் உதவி எண்ணான 311ஐக் கூப்பிட்டு, பக்கத்து ஹோம்பேஸ் அலுவலகம் எது என்று கேளுங்கள். அங்கே 'சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறோம்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். குழந்தையின் வயது, ஒப்பந்தம் இல்லாதது, மச்சான் எத்தனை நாள் பொறுப்பார் என்பது, எல்லாவற்றையும் சொல்லுங்கள்.