வளவு வீட்டில் நோயாளியை எங்கே படுக்க வைப்பது? – வாசகர் கேள்வி பதில்

2021 கொரோனா அலையில், தமிழ்நாட்டில் மே 24 முதல் தளர்வில்லாத முழு ஊரடங்கு இருந்தது. அது பிறகு ஜூன் 7 வரை நீண்டது. அப்போது செட்டிநாட்டில் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்தும் புதுக்கோட்டை எல்லை ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) கொரோனா தொற்று உறுதியாகிவிட்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் 97 சதவீதம் இருக்கிறது, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். வளவில் (நடு முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள பகுதியில்) எங்கள் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) உரிய அறையில் படுக்க வைத்திருக்கிறோம். வீட்டில் இன்னும் ஏழு பேர். கழிவறை ஒன்றுதான், கொல்லையில் இருக்கிறது. இது போதுமா? – வாசகி, கோட்டையூர்

போதாது. அறையை இன்றைக்கே மாற்றுங்கள்.

வளவு அறைகள் சாமான் வைத்துப் பூட்டுவதற்கென்று கட்டியவை. கனத்த சுவர், ஒரே கதவு, உள்ளறைக்குப் பெரும்பாலும் ஜன்னலே கிடையாது. கதவைச் சாத்தினால் அப்பச்சி விட்ட மூச்சு உள்ளேயே தங்கும். திறந்தால் அது நேரே வளவுக்குத்தான் வரும். நடுவில் வானம் தெரிகிறதே என்று நினைப்பீர்கள். அறைக்காற்று அந்த வானத்தை எட்டுவதற்கு முன், நீங்கள் ஏழு பேரும் உட்கார்ந்திருக்கும் பத்தியை (தாழ்வாரத்தை)த் தாண்டித்தான் போக வேண்டும். மழைக்குப் பயந்து வளவு வாசலுக்கு (நடு முற்றத்துக்கு) மேல் ஷீட் போட்டு அடைத்திருந்தால் அந்த வழியும் இல்லை.

நம் வீடுகள் பலவும் முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடிகின்றன. அந்த நீளம் இப்போது உதவும். நோயாளி மூன்றாங்கட்டில் (பின் தெருவை ஒட்டிய கடைசிப் பகுதியில்) இருக்கட்டும், மற்றவர்கள் முன் இரண்டு கட்டுகளோடு நிற்கட்டும். மருந்து, பால், ஆக்சிஜன் எதுவானாலும் பின் தெருக் கதவு வழியாக வரட்டும். இரண்டாங்கட்டுக்கும் மூன்றாங்கட்டுக்கும் நடுவில் உள்ள கதவுதான் எல்லை. அதைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஒரு பழைய வேட்டியைச் சுருட்டி வையுங்கள்.

அடுப்படி மூன்றாங்கட்டில் இருக்கிறதே என்பீர்கள். பத்து நாளைக்குக் கேஸ் அடுப்பை இரண்டாங்கட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். சிலிண்டர் நிமிர்ந்து தரையில் நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், டியூப் இழுபடக் கூடாது. பக்கத்தில் ஜன்னலோ திறந்த வாசலோ இருக்கட்டும்.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று ஊகிக்க வேண்டாம், பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நோயாளியின் அறை வாசலில் ஒரு ஊதுபத்தி கொளுத்துங்கள். புகை கொல்லைப் பக்கம் போனால் சரி. உங்கள் பக்கம் வந்தால், ஜன்னலை ஒட்டி ஒரு மேசை ஃபேனை வெளியே பார்த்து வைத்து மறுபடி பாருங்கள். ஃபேன் அறைக்குள் பார்த்து ஓடினால் வினை. கடிதம் எழுதியவர்களில் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

கழிவறை ஒன்றே என்பதால் முறை வேண்டும். காலையில் மற்றவர்கள் முதலில் போகட்டும், கடைசியாக அப்பச்சி. வீட்டுக்குள் நடந்து போகாமல் பக்கச் சந்து வழியாகவோ பின் தெரு வழியாகவோ சுற்றிப் போங்கள், முகக்கவசத்தோடு. அந்த நேரத்தில் அப்பச்சி அறைக் கதவு சாத்தியிருக்கட்டும். அவர் வந்துபோன பிறகு அரை மணி நேரமாவது கழிவறைக் கதவும் ஜன்னலும் திறந்து கிடக்கட்டும். குழாய்த் திருகு, தாழ்ப்பாள், வாளிப் பிடி மூன்றையும் துடைக்க மறக்க வேண்டாம்.

பார்த்துக்கொள்ள ஒரே ஆள் போதும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லாதவராகப் பாருங்கள். அவரும் அப்பச்சியும் ஒரே இடத்தில் இருக்கும் நேரமெல்லாம் இருவர் முகத்திலும் மூன்றடுக்கு முகக்கவசம், கிடைத்தால் என்95. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது நனைந்ததும், மாற்றிவிடுங்கள். சாப்பாட்டை வாசலில் ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளலாம். தட்டை எரிக்கவோ எறியவோ வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

2021 மே மாத விதிப்படி, அறிகுறி தொடங்கி பத்து நாள் ஆகி, கடைசி மூன்று நாளும் காய்ச்சல் இல்லையென்றால் தனிமை முடிந்தது. மறுபடி பரிசோதனை தேவையில்லை. ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து கவனம் கூடுதலாக வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நிம்மதியாக இருக்கும் அந்த நாட்களில்தான் பலருக்கு மூச்சு இறங்குகிறது.

ஆத்தாவுக்கு ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டும் கருவி ஒரு முறை 96, ஒரு முறை 89 என்று காட்டுகிறது. எதை நம்புவது? – வாசகர், பள்ளத்தூர்

முதலில் விரலைப் பாருங்கள். மருதாணி வைத்திருக்கிறார்களா? அடர்ந்த சாயம் ஏறிய விரலில் கருவியின் ஒளி சரியாக ஊடுருவாமல் எண் தவறலாம். நகச்சாயமும் குளிர்ந்த கையும் நேரே விழும் வெயிலும் அப்படியே. மருதாணி இல்லாத விரல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பத்து விரலிலும் இருந்தால் காது மடலில் மாட்டும் வேறு கருவி மருந்துக்கடையில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். விரல் கருவியைக் காதில் மாட்டிப் பார்க்க வேண்டாம்.

ஐந்து நிமிடம் உட்கார வைத்து, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, நடுவிரலிலோ ஆள்காட்டி விரலிலோ மாட்டுங்கள். கையை நெஞ்சளவில் அசையாமல் வைக்க வேண்டும். மாட்டியதும் தெரியும் எண்ணைக் குறிக்காதீர்கள். ஒரு நிமிடம் ஓடி நிலைத்த எண்தான் கணக்கு. ஒரு நாளைக்கு நான்கு முறை, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

94க்குக் கீழே போனால் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை பாருங்கள். மூன்றும் கீழேதான் என்றால் 108ஐ அழைத்துவிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ பேச்சில் தடுமாற்றம் வந்தாலோ எண்ணைப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள், உடனே கிளம்புங்கள். வண்டி வரும்வரை குப்புறப் படுக்க வைக்கலாம்: கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, நெஞ்சிலிருந்து தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே இரண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளும், கடுமையான இதய நோயோ முதுகெலும்பு முறிவோ உள்ளவர்களும் இப்படிப் படுக்கக் கூடாது.

இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டுக் குணமான ஸ்டீராய்டு மாத்திரையின் பெயரை வாங்கி வந்து, ஆக்சிஜன் நன்றாக இருக்கும்போதே கொடுக்காதீர்கள். சர்க்கரையை ஏற்றிவிடும், உடம்பு கிருமியோடு போராடும் வலுவையும் குறைக்கும்.

கிருமிநாசினி என்று தரையெல்லாம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினோம். ஆத்தங்குடிக் கல் வெள்ளை பூத்துவிட்டது. ஆசிட் போட்டால் போய்விடும் என்கிறார் வேலையாள். போடலாமா? – வாசகி, கானாடுகாத்தான்

போடவே போடாதீர்கள். இரண்டு காரணம். பிளீச்சிங் மிச்சம் இருக்கும் தரையில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய அறையில் அது ஆளையே சாய்த்துவிடும். கழிவறை கழுவும் நீல திரவமும் ஆசிட்தான், அதையும் பிளீச்சிங்கோடு சேர்க்கக் கூடாது.

இரண்டாவது காரணம் கல். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்து, சிமென்ட்டில் கலந்த நிறக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுத்தது. அந்த மினுமினுப்பு கண்ணாடி தந்தது. நிறம் மேலே சில மில்லிமீட்டர்தான். ஆசிட் சிமென்ட்டைத் தின்னும். மேல்தோல் போனால் கல் சொரசொரவென்று ஆகிவிடும், அழுக்கு ஏறும், பிறகு எந்த எண்ணெயாலும் அந்தப் பளபளப்பு வராது.

நீங்கள் பார்க்கும் வெள்ளை பிளீச்சிங் பவுடரில் உள்ள சுண்ணாம்புதான். கெட்டியாகக் கரைத்து, தெளிய விடாமல் ஊற்றியதால் படிந்தது. நல்ல தண்ணீரில் துணியை நனைத்து, அடிக்கடி அலசி, மூன்று நான்கு முறை துடையுங்கள். காய்ந்த பிறகு ஒரு பருத்தித் துணியில் சில துளி தேங்காய் எண்ணெய் விட்டு வட்டமாகத் தேயுங்கள். அதிகம் விட்டால் வழுக்கும். வயதானவர்கள் நடக்கும் வழியில் உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்துவிடுங்கள்.

இனிமேல் தரைக்குச் சோப்புத் தண்ணீர் போதும். இந்த நோய் முக்கியமாக மூச்சுக்காற்றில் பரவுகிறது, தரையை ஊறவைத்து அதை நிறுத்த முடியாது. தெருவெங்கும் மருந்து அடிப்பதையும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. பிளீச்சிங்கைக் கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 30 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் 30 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர், பிளாஸ்டிக் வாளி. கலக்கி அரை மணி நேரம் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துக் கழுவலாம். தாழ்ப்பாள், பிடி துடைக்க இதையே பத்து மடங்கு தண்ணீராக்கிக்கொண்டு, துடைத்த பிறகு ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள், பித்தளை கறுக்கும். அன்றன்று கரைத்தது அன்றன்றைக்கே. மூடி திறந்து கிடந்து, நெடி போய்விட்ட பவுடரில் பயனில்லை.

முதல் கொரோனா தடுப்பூசி கோவிஷீல்டு போட்டேன். அதற்குள் தொற்று வந்து சரியாகிவிட்டது. இரண்டாவது எப்போது? – வாசகர், தேவகோட்டை

குணமானதிலிருந்து மூன்று மாதம் கழித்து என்பது 2021 மே மாத விதி. தொற்று வராதவர்களுக்குக் கோவிஷீல்டு இடைவெளி அப்போது 12 முதல் 16 வாரமாகவும், இன்னொரு தடுப்பூசியான கோவாக்சினுக்கு 4 முதல் 6 வாரமாகவும் இருந்தது. பால் கொடுக்கும் தாய்மாரும் போட்டுக்கொள்ளலாம்.

பொன்னமராவதியில் இருக்கிறோம். ஐயாவுக்குக் காரைக்குடியில் டயாலிசிஸ். போன வாரம் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். – வாசகர்

பொன்னமராவதி புதுக்கோட்டை மாவட்டம், காரைக்குடி சிவகங்கை மாவட்டம். நமக்கு அது ஒரே செட்டிநாடு, சாவடிக்கு இரண்டு மாவட்டம். 2021 ஊரடங்கில் மாவட்டத்துக்குள் மருத்துவத்துக்குப் போக இ-பதிவு (பயண விவரத்தை அரசு இணையதளத்தில் பதிவது) தேவைப்படவில்லை, மாவட்டம் தாண்டினால் தேவைப்பட்டது. 2020இல் இருந்த இ-பாஸ் போல அனுமதி வரும் என்று காத்திருக்கத் தேவை இருக்கவில்லை, பதிவு செய்து நகலைக் கையில் வைத்திருந்தால் போதுமானதாக இருந்தது. அலைபேசிக்கு வரும் எண்ணைக் கொடுத்து இணையதளத்துக்குள் போய், மருத்துவக் காரணத்தைத் தேர்ந்தெடுத்து, நாள், வண்டி எண், போகும் ஆட்கள் விவரத்தை நிரப்ப வேண்டியிருந்தது. பெரும்பாலும் சிக்கல் வந்தது வண்டி எண்ணில்தான். கடைசி நேரத்தில் வேறு வண்டி பிடித்தால் மறுபடி பதிய வேண்டியிருந்தது. டயாலிசிஸ் அட்டையும், வாரத்தில் எந்தெந்த நாள் என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்த தாளும் உடன் இருக்கட்டும்.

ஒரு முறை டயாலிசிஸ் தவறிப்போனால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அதுவரை வெயிலுக்கு இதம் என்று இளநீர் கொடுத்துவிடாதீர்கள். அதில் உள்ள பொட்டாசியம் சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு இதயத்தையே நிறுத்தக்கூடும்.

காய்கறி வண்டி வரும் நாளில் மொத்தமாக வாங்குகிறோம், பாதி அழுகுகிறது. வத்தல் போட்டால் பூஞ்சை பிடிக்கிறது. – வாசகி, காரைக்குடி

சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்) ஒரு கிலோவுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி உப்பும் அரைக் கரண்டி மஞ்சளும் போடுங்கள். காயைப் போட்டு நிறம் மாறியதும், இரண்டு மூன்று நிமிடத்தில், வடித்துவிட வேண்டும். வெந்துவிட்டால் உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும், பூஞ்சை அங்கேதான் தொடங்குகிறது. கத்தரிக்காயை நீளவாக்கில் நறுக்கி உடனே அரிசி கழுவிய தண்ணீரில் போட்டால் கறுக்காது, பிறகு அதே போல வெந்நீர்.

வளவு வாசலில் காயப்போடாதீர்கள், அங்கே வெயில் நடுப்பகலில் மட்டும்தான் இறங்கும். மொட்டை மாடியில் துணி விரித்து ஒற்றை வரிசையாகப் பரப்பி, பொழுது சாயுமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். பனியில் கிடந்தால் ஒரு நாள் வெயில் வீண். மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். ஒன்றை ஒடித்துப் பாருங்கள், சடக்கென்று முறிந்தால் சரி, வளைந்தால் இன்னொரு வெயில். சூட்டோடு ஜாடியில் போட்டால் வியர்த்துவிடும், நிழலில் ஒரு மணி நேரம் ஆறட்டும். ஒரு கிலோ காய் நன்றாகச் சுருங்கிவிடும். மண்டி (அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கும் குழம்பு) வைக்க ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி தாராளம்.

பெரியப்பச்சி (பெரியப்பா) மருத்துவமனையில் தொற்றால் தவறிவிட்டார். முகம் பார்க்கலாமா, சடங்கு செய்யலாமா? கேதத்துக்கு (துக்கம் கேட்க) வருகிறவர்களை என்ன சொல்லித் தடுப்பது? – வாசகர், அரிமளம்

முகம் பார்க்கலாம். உடலை வைத்த பையின் ஜிப்பை முகம் வரை ஊழியர் திறந்து காட்டுவார், சற்றுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். கேட்டால்தான் காட்டுவார்கள், தயங்காமல் கேளுங்கள். தொடாமல் செய்யும் சடங்குகளுக்குத் தடை இல்லை: திருமுறை ஓதலாம், தீர்த்தம் தெளிக்கலாம். குளிப்பாட்டுவதும் கட்டிக்கொண்டு அழுவதும்தான் கூடாது. எவ்வளவு பெரிய குடும்பமானாலும் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது 2021 ஊரடங்கில் விதியாக இருந்தது. யார் யார் என்று பங்காளிகள் முதலிலேயே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், வாசலில் மனத்தாங்கல் வராது.

கேதத்துக்கு வருகிறவர்களை வளவுக்குள் அழைக்காதீர்கள். முன் திண்ணையில் இரண்டிரண்டு பேராக, முகக்கவசத்தோடு, ஐந்து நிமிடம். வெளியூர் உறவுக்கு நீங்களே போன் செய்து "இப்போது வர வேண்டாம், படைப்புக்கு வாருங்கள்" (பிறகு நடக்கும் முன்னோர் வழிபாட்டுக்கு) என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரர் வாயால் சொன்னால்தான் வராமல் இருப்பவருக்கும் மனசு உறுத்தாது.

அஸ்தியில் கிருமி இருக்காது. எடுக்கலாம், வீட்டில் வைக்கலாம், கரைக்கலாம்.