பழைய கிரைண்டர், மிக்ஸி வாங்கலாமா?

காட்பாடியில் புதுக் குடித்தனம், பழைய மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிரைண்டரைத் தாராளமாக வாங்கலாம். கல் வழவழப்பாகியிருந்தால் கொத்திக்கொள்ளலாம், பெல்ட் மாற்றவும் பெரிய செலவில்லை. ஆனால் வெறுமனே சுற்றவிட்டுக் காட்டினால் நம்பாதீர்கள். ஊறவைத்த அரிசியைக் கையோடு கொண்டுபோய்ப் பத்து நிமிடம் அரைத்துப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்! பெல்ட் வழுக்குகிறதா, கருகல் வாடை வருகிறதா, டிரம்முக்கு அடியில் கசிகிறதா என்பதெல்லாம் சுமை ஏறினால்தான் தெரியும். உலோகப் பாகத்தில் டெஸ்டர் வைத்து மின்கசிவையும் பார்த்துவிடுங்கள்.

மிக்ஸி கொஞ்சம் சூதாட்டம்தான். ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர், மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றிவிடலாம். மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) கருகியிருந்தால், அதைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங் செலவுக்குப் புது மிக்ஸியே மேல்.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு, உங்கள் ஊர் விஐடி பல்கலைக்கழக மாணவர்கள் படிப்பை முடித்து அறையைக் காலிசெய்யும் சமயம் பாருங்கள். கண்ணாடியில் விரிசல் இருந்தால் தொடவே வேண்டாம். அப்புறம், காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அதில் சூடாகும். சாதாரண அலுமினியச் சட்டி எடுபடாது.

குக்கரை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். பழைய சேஃப்டி வால்வு எந்த நிலையில் இருக்கிறதென்று கடையில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது.