சுரமெல்லாம் சரி, ரிஃப் மட்டும் ஏன் ஒட்டவில்லை? ராக் கிட்டார் கேள்வி பதில்

கடினமான ராக் ரிஃபை (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் துண்டை) ஒலிப்பதிவில் கேட்பது போலவே வாசிப்பது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். பல வருடங்களாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன், சொல்லியும் தருகிறேன். வந்த கேள்விகளில் முடிந்தவரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, டேப் (தந்தியையும் ஃப்ரெட்டையும் எண்களில் காட்டும் குறிப்பு) பார்த்து ஒரு ரிஃபை முழுசா மனப்பாடம் பண்ணிட்டேன். ஒரு சுரம்கூடத் தப்பு இல்லை. ஆனா பாட்டை ஓடவிட்டுக் கூடவே வாசிச்சா வேற ஏதோ மாதிரி கேட்குது. எங்கே தப்பு?

பதில்: சுரம் முடியும் இடத்தில் இருக்கும். எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட்டை (கழுத்தில் உள்ள கட்டத்தை) அழுத்த வேண்டும் என்று டேப் சொல்லிவிடும். அந்தச் சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைப் பல டேப்கள் சொல்வதே இல்லை. கற்றுக்கொள்பவர்களும் சுரத்தைத் தொடங்குவதில் காட்டும் கவனத்தை அதை நிறுத்துவதில் காட்டுவதில்லை.

ஏசி/டிசி குழுவின் 'பேக் இன் பிளாக்' (1980) ரிஃபை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தொடக்கத்தில் இருப்பவை ஈ, டி, ஏ என்று மூன்று கார்டுகள்தான் (சில சுரங்களைச் சேர்த்து மீட்டுவது கார்டு). கிட்டார் பிடித்த முதல் மாதத்திலேயே யாரும் கற்றுக்கொள்ளக்கூடியவை. ஆனால் ஒவ்வொரு கார்டுக்குப் பிறகும் பளிச்சென்று ஒரு மௌனம் விழுகிறது. அந்த மௌனத்தில் ட்ரம்ஸ் மட்டும் தனியாகக் கேட்கும். கார்டை அரை பீட் கூடுதலாக ஒலிக்கவிட்டால் அந்த இடம் நிரம்பிவிடும், ரிஃபின் முதுகெலும்பே போய்விடும்.

இதைப் பழக ஒரு வழி: கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு ரிஃபை வாயால் பாடுங்கள். சுரம் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் வாயை மூடுங்கள். பாடத் தெரியாத இடத்தைக் கை ஒருபோதும் சரியாக வாசிக்காது. பாட வந்த பிறகு கிட்டாரை எடுங்கள். அழுத்திய விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் ஒலி சுத்தமாக நிற்கும். ஓபன் ஸ்ட்ரிங் (விரல் அழுத்தாத தந்தி) என்றால் வலது உள்ளங்கையின் ஓரத்தால் தொட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: டீப் பர்பிள் குழுவின் ரிஃப் ஒன்று எல்லோரும் முதல் நாளிலேயே வாசிக்கிறார்கள். அது சுலபம்தானே? எனக்கு மட்டும் ஏன் கனமாக, மொத்தையாகக் கேட்கிறது?

பதில்: 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' (1972) பற்றிக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சுலபம் என்று எல்லோரும் நினைப்பதாலேயே பெரும்பாலானோர் தவறாக வாசிக்கும் ரிஃப் அது. நீங்கள் பவர் கார்ட் வைத்து வாசிக்கிறீர்கள். பவர் கார்டில் மூல சுரம் கீழே இருக்கும், ஐந்தாவது சுரம் மேலே இருக்கும். அந்தக் குழுவின் கிட்டாரிஸ்ட் ரிட்சி பிளாக்மோர் வாசிப்பது தலைகீழ்: ஜி கேட்கும் இடத்தில் அதற்குக் கீழே டி ஒலிக்கும். இரண்டுக்கும் இடைவெளி நான்காவது. ஒரே விரலைப் படுக்கவைத்துப் பக்கத்துப் பக்கத்துத் தந்திகள் இரண்டை ஒரே ஃப்ரெட்டில் அழுத்தினால் கிடைத்துவிடும். அதில் பவர் கார்டின் கனம் இல்லை, ஒரு கூர்மை இருக்கிறது.

இன்னொன்று, அவர் அங்கே பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பயன்படுத்துவதில்லை. விரல்களால் இரண்டு தந்திகளையும் ஒரே நேரத்தில் இழுத்துவிடுகிறார். பிக்கால் தட்டினால் ஒரு தந்தி முதலிலும் மற்றது மிகச் சிறிய இடைவெளியிலும் ஒலிக்கும். விரலால் இழுத்தால் இரண்டும் ஒன்றாக வெடிக்கும். இரண்டு விதமாகவும் வாசித்து உங்கள் போனில் பதிவு செய்து கேளுங்கள். நானே சில வருடங்கள் இதைப் பவர் கார்டில்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். வித்தியாசம் காதில் விழுந்த அன்றுதான் ஒலிப்பதிவை உட்கார்ந்து கேட்பது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது.

கேள்வி: ஒரே ரிஃபுக்கு மூன்று டேப் கிடைக்கிறது. மூன்றிலும் வேறு வேறு ஃப்ரெட். எதை நம்புவது சார்?

பதில்: ஒலிப்பதிவை நம்புங்கள். கிட்டாரில் ஒரே சுரம் பல இடங்களில் கிடைக்கும். முதல் தந்தியை (மிக மெல்லியது) எதையும் அழுத்தாமல் மீட்டினால் வரும் ஈ, இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9இலும், நான்காம் தந்தியின் 14இலும், ஐந்தாம் தந்தியின் 19இலும் இருக்கிறது. சுருதி ஒன்றுதான், குரல் வேறு. மெல்லிய தந்தியில் பளபளப்பு, தடித்த தந்தியின் மேல் ஃப்ரெட்டில் உருண்டையான, சற்று மங்கிய ஒலி. ஐந்து இடங்களிலும் வாசித்துப் பதிவோடு ஒப்பிட்டால் எது என்று காது சொல்லிவிடும்.

அதற்கும் முன்னால் ட்யூனிங்கை, அதாவது தந்திகளின் சுருதி அமைப்பைப் பாருங்கள். விரல் எட்டாத இடத்தில் சுரம் கேட்கிறது என்றால், அநேகமாக ட்யூனிங்தான் வேறு. ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டார்ட் மீ அப்' (1981) பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாம் தந்தியே இல்லாமல் ஜி-டி-ஜி-பி-டி என்று ஐந்து தந்திகளை வைத்து வாசிக்கிறார். அதை சாதாரண ட்யூனிங்கில் வாசித்தால் விரல் பின்னிக்கொள்ளும், ஒலியும் வராது.

கேள்வி: ஒலிப்பதிவைக் கேள் என்கிறீர்கள். ஆனால் ட்ரம்ஸ், பேஸ், பாட்டு எல்லாம் சேர்ந்து கேட்கும்போது கிட்டாரைப் பிரித்துக் கேட்கவே முடியவில்லை.

பதில்: ஒரு ஹெட்ஃபோனை மட்டும் காதில் வையுங்கள், அடுத்து மற்றதை. ராக் ஒலிப்பதிவுகளில் ரிதம் கிட்டாரை இரண்டு முறை வாசித்து ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் வைப்பது வழக்கம். இரண்டு கிட்டார்களும் வேறு வேறு பகுதிகளை வாசிக்கும் பாடல்களும் நிறைய. இரண்டையும் சேர்த்து ஒரே கையால் வாசிக்கப் பார்த்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு வேகத்தைப் பாதியாகக் குறைத்து இரண்டு பார் (தாளச் சுற்று) மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். இப்போதுள்ள செயலிகள் சுருதி மாறாமலே வேகத்தைக் குறைத்துவிடும்.

பழைய பதிவுகளில் ஒலிநாடா ஓடிய வேகத்தால் சுருதி அரை சுரத்துக்கும் குறைவாக ஏறியோ இறங்கியோ இருக்கலாம். உங்கள் ட்யூனர் சரி என்று காட்டியும் பாட்டோடு சேரவில்லை என்றால், பாட்டுக்குத் தகுந்தபடி கிட்டாரைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மெட்ரோனோமில் 60இல் தொடங்கி அஞ்சஞ்சாக ஏற்றுகிறேன். 100 வரை போகிறது. அதற்கு மேல் கை உடைகிறது. மூணு மாசமா இதே நிலைமை.

பதில்: அந்த 100இல் தடுப்பது பலமோ பயிற்சியோ அல்ல, அசைவு. மெதுவாக வாசிக்கும்போது பிக்கைத் தந்தியில் ஆழமாக இறக்கலாம், விரலை உயரத் தூக்கலாம், மணிக்கட்டுக்குப் பதில் முழங்கையை ஆட்டலாம். எல்லாம் நடக்கும். வேகத்தில் அது எதுவும் நடக்காது. மெதுவான வேகத்தில் தவறான அசைவை மூன்று மாதம் அழகாகப் பழகியிருக்கிறீர்கள் என்பதுதான் பெரும்பாலும் உண்மை.

அதனால் முதலிலேயே முழு வேகத்தை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ரிஃப் முழுவதும் வேண்டாம், நான்கு சுரம் போதும். முழு வேகத்தில் நான்கு சுரம் வாசித்து, ஐந்தாவதில் நின்றுவிடுங்கள். கையைத் தளர்த்துங்கள். மறுபடி நான்கு. அந்த நேரத்தில் கை எப்படி அசைகிறது, பிக்கின் முனை எவ்வளவு குறைவாகத் தந்தியைத் தொடுகிறது என்று கவனியுங்கள். பிறகு 60க்கு இறங்கி, அதே சின்ன அசைவோடு மெதுவாக வாசியுங்கள். மெதுவான பயிற்சி அப்போதுதான் உதவும்.

துண்டுகளை வெட்டும்போது ஒன்று கவனியுங்கள். பார் முடியும் இடத்தில் நிறுத்தாமல் அடுத்த பாரின் முதல் சுரத்தில் நிறுத்துங்கள். இல்லையென்றால் துண்டுகள் தனித்தனியே நன்றாக இருக்கும், ஒட்டும் இடத்தில் எல்லாம் தடுக்கும். தவறு வந்தால் ரிஃபின் தலைக்கு ஓடாதீர்கள். அப்படி ஓடுவதால்தான் தொடக்கம் மட்டும் பிரமாதமாகவும் முடிவு தள்ளாட்டமாகவும் ஆகிறது.

கேள்வி: கன்ஸ் அண்ட் ரோசஸின் 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' தொடக்கம். இடது கை ஓகே. வலது கை தந்தி தேடி அலையுது. ஏதாவது வழி சொல்லுங்க அண்ணா.

பதில்: 1987இல் வந்த இந்தப் பாடலில் ஸ்லாஷ் எல்லாத் தந்திகளையும் அரை சுரம் இறக்கி வாசிக்கிறார். முதலில் அதைச் செய்யுங்கள். அடுத்து, இடது கையை மறந்துவிட்டு வலது கையின் கணக்கை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எட்டு சுரம் ஒரு சுற்று. தந்திகளின் வரிசை 4, 2, 3, 3, 1, 3, 1, 3. அடுத்தடுத்த சுற்றில் முதல் சுரம் மட்டும்தான் மாறும், மீதி ஏழும் அப்படியே. நான்காம் தந்தியின் 12ஆம் ஃப்ரெட், பிறகு 14, பிறகு மூன்றாம் தந்தியின் 12 என்று ஏறி, நேராக நான்காம் தந்தியின் 12க்கே திரும்பிவிடும். ஒவ்வொரு படியும் இரண்டு முறை.

இடது கையால் எல்லாத் தந்திகளையும் லேசாக மூடிக்கொண்டு, அந்த எட்டுத் தட்டுகளையும் கீழ், மேல், கீழ், மேல் என்று மாறாமல் வாசியுங்கள். டக் டக் என்ற ஒலி மட்டும்தான் வரும். அலுப்பாக இருக்கும், ஆனாலும் தினமும் ஐந்து நிமிடம் செய்யுங்கள். 1, 3, 1, 3 என்று போகும் கடைசி நான்கில்தான் பிக் நடுவில் இருக்கும் இரண்டாம் தந்தியில் இடிக்கும். அங்கே மணிக்கட்டை லேசாக வளைத்துத் தாண்ட வேண்டும். சிறு விரலை கிட்டாரின் உடலில் ஊன்றிக்கொள்வது சிலருக்கு உதவுகிறது. எனக்கு உதவவில்லை, கை இறுகிவிட்டது. நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்'. எல்லாமே டவுன்பிக்கிங் என்கிறார்கள். மேலும் கீழுமாக வாசித்தால் என்ன குறைந்துவிடும்?

பதில்: குறையும். கீழ்நோக்கித் தட்டும்போது எடை ஒரு விதமாகவும் மேல்நோக்கி இழுக்கும்போது வேறு விதமாகவும் விழும். பாம் மியூட்டோடு (உள்ளங்கை ஓரத்தால் தந்தியை லேசாக மூடி வாசிப்பது) டிஸ்டார்ஷனும் (ஒலியின் கரகரப்பு) சேரும்போது அந்த வித்தியாசம் தெளிவாகக் கேட்கும். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் அந்த ஒலி, ஒவ்வொரு தட்டும் ஒரே எடையில் விழுவதால் வருவது. 1986இல் வந்த அந்தப் பதிவு நிமிடத்துக்குச் சுமார் 212 பீட். பீட்டுக்கு இரண்டு தட்டு என்றால் நொடிக்கு ஏழு.

இங்கே அவசரம் ஆபத்து. முப்பது வினாடி வாசித்தால் முப்பது வினாடி கையைத் தொங்கவிடுங்கள். முன்கையில் சூடு போல ஒரு களைப்பு வந்தால் பரவாயில்லை. மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். தசைநாரைக் கெடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிட்டாரைத் தொட முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நொடிக்கு ஏழு தட்டு என்ற வேகத்துக்கு வரும்வரை கீழ்-மேல் வாசிப்பில் பாட்டோடு சேர்ந்து வாசிப்பதிலும் தவறில்லை.

கேள்வி: ஏழு பீட் ரிஃப்களில் எண்ணிக்கை விட்டுப்போகிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வாசிக்க முடியவில்லை.

பதில்: எண்ண வேண்டாம், சொல்லுங்கள். 'தகதிமி தகிட' என்று நாலும் மூணுமாகச் சொன்னால் ஏழு தானாக வந்து விழும். பிங்க் ஃபிளாய்டின் 'மனி' (1973) இப்படித்தான் எனக்குப் பிடிபட்டது. பீட்டுக்கு ஒரு எழுத்து, காலால் 'த' மட்டும் தட்டுங்கள். கிட்டார் சோலோ வரும்போது பாட்டு நாலுக்கு மாறிவிடும், அங்கே 'தகதிமி' மட்டும் போதும்.

லெட் செப்பலினின் 'பிளாக் டாக்' (1971) வேறு வகைத் தொல்லை. பேஸ் வாசித்த ஜான் பால் ஜோன்ஸ் அமைத்த ரிஃப் அது. ரிஃப் பீட்டிலிருந்து நழுவி நழுவிப் போகும் இடத்தில்கூட ஜான் போனம் ட்ரம்ஸை நேராக நாலிலேயே வைத்திருப்பார். அங்கே ட்ரம்ஸைப் பிடித்துக்கொண்டு கிட்டார் வாசிக்க முயன்றால் தடுமாறுவீர்கள். முதலில் ரிஃபைத் தனியாக, அதன் சொந்த நடையில் பாடிப் பழகுங்கள். அது உடம்பில் ஏறிய பிறகு காலால் நாலு தட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஆம்ப் இல்லாமல் வாசித்தால் சுத்தமாக இருக்கிறது. டிஸ்டார்ஷன் போட்டதும் ஒரே இரைச்சல்.

பதில்: இரைச்சல் முன்பும் இருந்தது, உங்களுக்குக் கேட்கவில்லை. வாசிக்காத தந்திகள் அதிர்கின்றன. மேலே இருக்கும் தடித்த தந்திகளை வலது உள்ளங்கை தொட்டுக்கொண்டிருக்கட்டும். கீழே இருக்கும் மெல்லிய தந்திகளை இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி படுத்து மூடட்டும். அழுத்தும் விரலின் நுனி அடுத்த தடித்த தந்தியை லேசாக இடிக்கட்டும். ஆம்பில் கரகரப்பைக் கூட்டும் கெய்னையும் பாதியாகக் குறையுங்கள். நீங்கள் கேட்டு மயங்கிய பல ராக் ஒலிகளில் நீங்கள் நினைக்கும் அளவு டிஸ்டார்ஷன் இல்லை.

கேள்வி: அக்கூஸ்டிக் கிட்டாரில் பழகலாமா?

பதில்: தாளமும் விரல் வரிசையும் பழகலாம். பென்ட் (தந்தியை வளைத்துச் சுருதி ஏற்றுவது) வராது. மூன்றாம் தந்தி அதில் சுற்றுத் தந்தி, வளைக்கப் போனால் விரல்தான் நோகும்.

கேள்வி: பிக் எவ்வளவு தடிமன்?

பதில்: ரிஃப் வாசிக்க 1 மில்லிமீட்டரை ஒட்டி. மெல்லியது வளைந்து கொடுக்கும், அதனால் தட்டு தாமதமாக விழும்.

கேள்வி: வீட்டில் சரியாக வாசிக்கிறேன். குழுவோடு சேர்ந்தால் தாளத்தை முந்தி ஓடிவிடுகிறேன். ட்ரம்மர் திட்டுகிறார்.

பதில்: வீட்டில் மெட்ரோனோம் எல்லா பீட்டிலும் தட்டுகிறதா? அதுதான் காரணமாக இருக்கும். அது உங்களைத் தூக்கிக்கொண்டு போகிறது. 2ஆம் பீட்டிலும் 4ஆம் பீட்டிலும் மட்டும் தட்டும்படி வையுங்கள். அது பழகியதும் பாருக்கு ஒரு தட்டு. நடுவில் இருக்கும் நேரத்தை நீங்களே தாங்க வேண்டும். ஓடுகிறவர்கள் பெரும்பாலும் சுரங்களில் ஓடுவதில்லை, மௌனங்களில்தான் ஓடுகிறார்கள். இடைவெளி வந்ததும் பதறி அடுத்த சுரத்துக்குத் தாவிவிடுகிறார்கள். உங்கள் ரிஃபில் எங்கெல்லாம் மௌனம் இருக்கிறதோ அங்கெல்லாம் வலது கையைத் தந்திக்கு மேல் காற்றில் அதே தாளத்தில் ஆட்டிக்கொண்டே இருங்கள், தந்தியைத் தொடாமல். அடுத்த ஒத்திகையில் ட்ரம்மரின் ஹை-ஹாட் உங்கள் காதுக்கு நன்றாகக் கேட்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள்.