ஸ்கீ ரிசார்ட்டுக்குக் கோடையில் போனால் பனி இருக்குமா?

ஸ்கீ ரிசார்ட் என்பது வெறும் ஹோட்டல் இல்லை. பனிச்சறுக்குக்கு ஏற்ற மலைச்சரிவு, மேலே ஏற்றிவிடும் கேபிள் கார், சறுக்குப் பலகையும் பூட்ஸும் வாடகைக்குத் தரும் கடைகள், பயிற்சியாளர்கள் எல்லாம் சேர்ந்த இடம். காஷ்மீரின் குல்மார்க்கை எடுத்துக்கொள்வோம்.

ஊர் இருப்பது சுமார் 2,650 மீட்டர் உயரத்தில். குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று இமயமலையில் மோதிப் பனியாகக் கொட்டும். ஜனவரியில் வெள்ளையாகக் கிடக்கும் அதே சரிவு ஜூனில் பச்சைப் புல்வெளி, மட்டக்குதிரைகள் மேயும். ஆனால் கேபிள் காரில் இரண்டாம் கட்டம் வரை, அதாவது சுமார் 3,950 மீட்டர் போனால், ஜூனிலும் பனித்திட்டுகளைப் பார்க்கலாம்.

ஏன்? மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. மேலேறும் காற்று விரிந்து குளிர்கிறது. சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்தால் பீறிடும் காற்று விரலில் சில்லென்று படுமே, அதே கதைதான். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும்.

சறுக்கக் கற்றுக்கொள்ள ஆசையா? ஜனவரி கடைசி, பிப்ரவரிதான் சரி. குழந்தைகள், வயதானவர்களோடு நிம்மதியாக நடக்க வேண்டுமானால் தயங்காமல் கோடையில் போங்கள்.

அப்புறம், குளிரும் இடத்தில் வெயில் சுடாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும், எனவே சன்ஸ்கிரீனும் கூலிங் கிளாஸும் குளிர்காலத்திலும் கட்டாயம்.