200 பேர் மண்டபமா, ஆறு பேர் மேசையா? கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு மென்பொருள் குழுக்களுக்கு எஜைல் ஆலோசகராக இருக்கிறேன். வேலையைச் சின்னச் சின்னதாக முடித்து, பயன்படுத்துகிறவர்களிடம் காட்டி, திருத்திக்கொண்டே போகும் முறை அது. 2001இல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி அதற்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். பெரிய கம்பெனிகளின் மொத்தப் பயிற்சி இனி வேண்டாம், சின்னக் குழுக்கள் போதும் என்று சொல்லிவிட்டேன். அதற்கு வந்த கேள்விகள் இவை.

ஈப்போவில் மனிதவளப் பிரிவில் இருக்கும் தங்கச்சி: அண்ணே, 200 பேருக்கு இரண்டு நாள் பயிற்சி என்றால் நல்ல காசு வருமே?

வரும், இல்லை என்று சொல்லவில்லை. பெரும்பாலான துறைகளில் 10 மலேசியர்களோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, சம்பளத்தில் 1 சதவீதத்தை மனிதவள மேம்பாட்டு நிறுவனமான எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவியாக, அதாவது கட்டாயப் பயிற்சி நிதியாக, கட்டுகிறார். கட்டிய காசைப் பயிற்சியாகத்தான் திரும்ப எடுக்க முடியும் என்பதால் வருஷக் கடைசியில் எனக்கு வரும் போனில் முதல் கேள்வியே "ஒரு பேட்சுக்கு எத்தனை பேர் போடலாம்?" என்பதுதான், என்ன பிரச்சினைக்காகப் பயிற்சி என்று யாரும் வாய் திறப்பதில்லை. ஹோட்டல் மண்டபம், காகித விமானம் மடிக்கிற விளையாட்டு, சுவரெல்லாம் வண்ணத் தாள், நடுவில் கறிபாப், கடைசியில் சான்றிதழோடு குரூப் போட்டோ. திங்கட்கிழமை அலுவலகம் போனால் அதே மேலாளர், எதைச் செய்யவும் அனுமதிக்கு அதே மூன்று கையெழுத்து. அந்தக் கையெழுத்தை எடுத்துவிடும் அதிகாரம் உள்ளவர் தொடக்க உரை ஆற்றிவிட்டு டீ பிரேக்கிலேயே கிளம்பியிருப்பார்.

கோலகங்சார் தம்பி: ஒரு குழுவுக்கு எத்தனை பேர்?

எஜைல் முறைகளில் ஒன்று ஸ்க்ரம். அதன் வழிகாட்டியின் 2020 பதிப்பு பத்துப் பேர் அல்லது குறைவாக என்கிறது. எனக்கு ஐந்திலிருந்து ஏழு. ஏழு பேர் இருந்தால் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய ஜோடிகள் 21, பதினான்கு பேர் ஆனால் 91. ஆள் இரட்டிப்பு, பேச்சு நான்கு மடங்குக்கும் மேல். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று கணினி வல்லுநர் ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார், இன்றைக்கும் திட்டம் பிந்தினால் நாம் முதலில் செய்வது ஆள் சேர்ப்பதுதான்.

தோட்டத்தில் வளர்ந்தவன்: தினமும் காலையில் நிற்க வைத்துப் பேசும் அந்த 15 நிமிஷக் கூட்டம் நம் தாத்தா காலத்துப் பெரட்டுதானே?

பல அலுவலகங்களில் அப்படித்தான் ஆக்கி வைத்திருக்கிறார்கள், சிரிப்பு வந்தாலும் உண்மை. தோட்டத்துப் பெரட்டில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடுவார், இன்றைக்கு எந்த நிரை என்று சொல்வார், ஆள் கலைந்து போகும். ஸ்க்ரமில் அந்தக் கூட்டம் வேலை செய்கிறவர்களுடையது, இன்றைக்கு யார் யாருக்குக் கை கொடுப்பது என்று அவர்களே பேசித் திட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மேலாளர் லீவில் இருக்கும் நாளில் உங்கள் கூட்டம் நடக்கிறதா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் அது பெரட்டுதான்.

செம்பனை ஆலையில் கணக்கு பார்க்கும் அக்கா: சின்னக் குழுவோடு உட்கார்ந்து அப்படி என்னதான் செய்வீர்கள்?

உங்களுக்குப் புரிகிற உதாரணமே இருக்கிறது. ஆலைகளின் லாரி எடை மேடைக்கு மென்பொருள் எழுதும் ஆறு பேர் குழு. ஒரே லோடுக்கு இரண்டு சீட்டு பதிவாகிறது என்று புகார், அது முதலாளியின் வாட்சப்புக்கு வந்து, அங்கிருந்து மேலாளருக்குப் போய், நிரல் எழுதும் பையனிடம் வரும்போது "சிஸ்டத்தில் பிழை" என்று மட்டும் இருக்கும். அவனும் நிரலை நோண்டிக்கொண்டே இருந்தான். சரி வா என்று எடை மேடைக்கே கூட்டிப் போனேன். பிரிண்டர் பழசு, பட்டனை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தாள் வரும். பின்னால் லாரி வரிசை, பழம் காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் அமிலம் ஏறும் என்பதால் டிரைவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், எடை போடுகிறவர் பொறுமை இழந்து மறுபடி அழுத்துகிறார். அவ்வளவுதான் பிழை! முதல் தடவை அழுத்தியதும் பட்டன் பூட்டிக்கொள்ளும்படி அன்று சாயங்காலமே மாற்றிவிட்டான். அதற்கப்புறம் புகார் நேராகக் குழுவுக்கே வரட்டும் என்று முதலாளியை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் எனக்குப் பாடு. என் கூலி பெரும்பாலும் அந்த மாதிரிப் பேச்சுக்குத்தான்.

கோலாலம்பூரில் வங்கி ஐ.டி.யில் இருப்பவர்: எங்களிடம் நூற்றுக்கணக்கானவர்கள். பல குழுக்களை ஒன்றாக நடத்தும் பெரிய சட்டகம் இல்லாமல் முடியுமா?

எல்லா இடத்திலும் முடியும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். டீன் லெஃபிங்வெல் 2011இல் கொண்டுவந்த சேஃப் முறையில் 50 முதல் 125 பேர் வரை சேர்ந்து ஒரே 'ரயிலாக'த் திட்டமிடுவார்கள். பல குழுக்கள் ஒரே அமைப்பைத் தொட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அந்த மாதிரி ஏதோ ஒன்று தேவைப்படும். ஆனால் ஏன் எல்லோரும் ஒருவரையொருவர் பிடித்துத் தொங்குகிறோம் என்று முதலில் கேளுங்கள் சார். ஒரு நிறுவனம் எப்படிப் பேசிக்கொள்கிறதோ அப்படித்தான் அது கட்டும் அமைப்பும் இருக்கும் என்றார் கணினி வல்லுநர் மெல்வின் கான்வே, 1968இல். பிரிவு பிரிவாகச் சுவர் இருந்தால் மென்பொருளிலும் அதே சுவர் வரும், ரயில் விட்டால் சுவர் போகாது. ஒரு குழுவை எடுத்து, ஒரு சேவையை முழுசாக அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள், எங்கே முட்டுகிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

படிப்பு முடித்த தங்கச்சி: சான்றிதழ் எடுக்கலாமா?

வேலை தேடுகிற நேரம், எடுங்கள். ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழான பி.எஸ்.எம். முதல் நிலைத் தேர்வு 80 கேள்வி, 60 நிமிஷம், 85 சதவீதம் வேண்டும், வகுப்புக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஸ்க்ரம் வழிகாட்டி இணையத்தில் இலவசம், நாலைந்து முறை நிதானமாகப் படியுங்கள்.

பெயர் போடாதவர்: இதை வைத்துக் குடும்பம் நடத்த முடிகிறதா?

முடிகிறது. ஊரிலேயே வீடு, தலைநகரில் ஆபீஸ் வாடகை இல்லை, வேண்டுமானால் ஈப்போவில் இ.டி.எஸ். ரயில் ஏறிவிடுவேன். ஒரே சமயத்தில் இரண்டு குழுவுக்கு மேல் தொடுவதில்லை, முடிவெடுப்பவர் எங்களோடு சேர்ந்து உட்கார ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த வேலையையும் எடுப்பதில்லை. தீபாவளிவரை இடம் இல்லை, புதிதாகக் கேட்பவர்கள் பொங்கலுக்கு அப்புறம் எழுதுங்கள், கூடவே குழுவில் எத்தனை பேர், எது மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று நாலு வரி சேர்த்து அனுப்புங்கள்.